காதில் உறுத்தாத இயர் மோல்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

என் தாயாருக்குக் காதுக்குப் பின்னால் மாட்டும் கேட்புக் கருவி வாங்கிக் கொடுத்த முதல் மூன்று மாதங்களும் அந்தக் கருவி பெரும்பாலும் அலமாரியில் ஒரு டப்பாவுக்குள்தான் இருந்தது. “காதுல குத்துதுப்பா” என்று அவர் சொன்னபோதெல்லாம், புதிது என்பதால் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்றே நாங்கள் பதில் சொல்லிவந்தோம். ஒரு நாள் அவர் கருவியைக் கழற்றியவுடன் டார்ச் அடித்துப் பார்த்தேன். காது மடலின் மேல் மடிப்புக்கு அடியில், ஓர் அரிசி மணியின் நீளத்துக்குத் தோல் சிவந்து, நடுவில் லேசாக உரிந்திருந்தது. மறுநாள் ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் நிபுணர், அந்த இடத்துக்கு நேராக இருந்த மோல்டின், அதாவது காதின் அச்சை எடுத்து அதற்குள் பொருந்தும்படி செய்த துண்டின், விளிம்பைச் சிறிய அரவைக் கருவியில் தேய்த்து மெருகேற்றிக் கொடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மூன்று மாத வலியை அவர் பட்டிருக்கவே வேண்டியதில்லை. கருவி வாங்கும்போது விலையையும் பேட்டரியையும் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், காதுக்குள் நாள் முழுவதும் இருக்கப்போகும் மோல்டைப் பற்றி ஒன்றுகூடக் கேட்பதில்லை என்பதால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இயர் மோல்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. கருவியிலிருந்து வரும் ஒலியைக் குழாய் வழியாகக் காதுக் குழிக்குள் கொண்டு சேர்ப்பது ஒன்று. அந்த ஒலி வெளியே கசிந்து மீண்டும் கருவியின் மைக்குக்குள் புகாமல் தடுப்பது மற்றொன்று. ஒலி கசிந்தால்தான் கருவி ‘கீ’ என்று விசிலடிக்கிறது. ஆகவே மோல்டு இறுக்கமாக அடைத்துக்கொள்ளவும் வேண்டும், உறுத்தாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாகத்தான் முடிவு செய்ய முடியும்.

எல்லோருக்கும் மோல்டு தேவைப்படுவதில்லை. மெல்லிய வயருடன் வரும் கருவிகளில் டோம் எனப்படும் குடை போன்ற சிலிக்கான் முனையே போதுமானதாக இருக்கும்; லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கும், கீழ்ச் சுருதி ஒலிகள் நன்றாகவே கேட்டு மேல்சுருதி மட்டும் குறைந்தவர்களுக்கும் அது காற்றோட்டமாகவும் வசதியாகவும் இருக்கும். குறைபாடு கடுமையாக இருந்தாலோ, டோம் அடிக்கடி நழுவி வெளியே வந்தாலோ, பேசும்போதும் மெல்லும்போதும் விசில் கேட்டாலோ காதின் அளவுக்கே செய்த மோல்டைக் கேட்டு வாங்க வேண்டும். முகாமில் கிடைத்த கருவியோடு ரெடிமேட் ரப்பர் முனை மட்டும் வந்திருந்தால், மோல்டை மட்டும் தனியாகச் செய்துகொள்ளலாம். அதற்காகப் புதிய கருவி வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

வசதியான மோல்டு அளவெடுக்கும் நாற்காலியிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்தக் கட்டத்தில்தான் நீங்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். முதலில், அளவெடுப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா, அல்லது மோல்டு தொழில்நுட்பம் முறையாகப் படித்தவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் போன்ற இடங்களில் மோல்டு செய்வதற்கென்றே ஆய்வகம் இருக்கிறது. அளவெடுப்பவர், அச்செடுக்கப் பயன்படும் சிலிக்கான் மாவை எடுத்தவுடனேயே காதில் விடக் கூடாது. ஆட்டோஸ்கோப் கொண்டு காதுக்குள் பார்த்து, குறும்பி இருந்தால் அதை எடுக்கச் சொல்ல வேண்டும். காதில் சீழ் வடிந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, முன்பு காதில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட காதுக்கு ஈ.என்.டி. மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அளவெடுக்க வேண்டும்.

அடுத்து, நூல் கட்டிய சிறிய பஞ்சையோ ஃபோம் துண்டையோ காதுக் குழிக்குள் ஆழமாக வைப்பார்கள். மாவு செவிப்பறை வரை போகாமல் தடுக்கும் காவல் அது. அதை வைக்காமல் மாவைச் செலுத்த வந்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவர்களின் காதுக் குழி ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமும் இரண்டு வளைவுகளும் கொண்டது. அந்தப் பஞ்சு இரண்டாவது வளைவைத் தாண்டி உட்கார்ந்தால்தான் மோல்டின் உள்முனை எந்தத் திசையில் போக வேண்டும் என்பது அச்சில் சரியாகப் பதியும். அந்த இடத்தைத் தொடும்போது சிலருக்கு இருமல் வரும், அது இயல்பானது. சிலிக்கான் மாவு இறுக ஐந்து நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும்.

அந்த நேரத்தில் தாடையை என்ன செய்வது என்பதைப் பலர் சொல்வதே இல்லை. வாயைத் திறந்து மூடும்போது தாடை மூட்டு நகர்ந்து காதுக் குழியின் முன்சுவரை மாற்றுகிறது. உங்கள் காதுக்குள் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு மென்று பார்த்தால் அந்த அசைவை நீங்களே உணரலாம். வாயை இறுக மூடியே அளவெடுத்தால், சாப்பிடும்போது மோல்டு தளர்ந்து விசிலடிக்கக்கூடும். எனவே மாவு இறுகும் வரை மெதுவாக மெல்லச் சொல்வார்கள், அல்லது பல்லுக்கிடையில் ஒரு கட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். எதையும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பல்செட் அணிபவர்கள் அதை மாட்டிக்கொண்டே அளவு கொடுக்க வேண்டும். அச்சை வெளியே எடுத்ததும் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். குமிழிகளும் மடிப்புகளும் இல்லாமல், குழியின் வளைவுகளும் மடலின் மேல் மடிப்பும் தெளிவாகப் பதிந்திருந்தால் அது நல்ல அச்சு. அது சரியில்லை என்று தோன்றினால் இன்னொரு முறை எடுக்கச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. அச்சை எடுத்த பிறகு காதுக்குள் மீண்டும் ஒருமுறை பார்ப்பதும் முறை.

வடிவத்தைப் பொறுத்தவரை, காதின் கிண்ணம் முழுவதையும் நிரப்பும் ஷெல் வகை கடுமையான குறைபாட்டுக்கு ஏற்றது. நடுப்பகுதியை வெட்டியெடுத்து விளிம்பை மட்டும் வைத்திருக்கும் ஸ்கெலிட்டன் வகை வியர்வைக்கு இடம் கொடுப்பதால் நம் ஊர் வெயிலுக்கு நன்றாக இருக்கும். குழிக்குள் மட்டும் நிற்கும் கெனால் வகை மாட்டுவதற்கு எளிது என்றாலும் சிலருக்கு நழுவும். விரல் நடுக்கமோ மூட்டுவலியோ உள்ள முதியவர்களுக்கு, மேல் மடிப்புக்குள் செருக வேண்டிய கொக்கிப் பகுதிதான் பெரும் தொல்லை. அதை வெட்டிவிட்டுச் செய்து தர முடியுமா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

அடுத்தது பொருள். அக்ரிலிக் கெட்டியானது, வழுவழுப்பானது; மாட்டுவதற்கும் துடைப்பதற்கும் எளிது; எல்லாவற்றுக்கும் மேலாக, உறுத்தும் இடத்தைக் கேட்புக் கருவி மையத்திலேயே தேய்த்துச் சரிசெய்துவிடலாம். சிலிக்கான் மென்மையானது, காதோடு ஒட்டி நன்றாக அடைத்துக்கொள்ளும். விளையாடும் குழந்தைகளுக்கும், அதிக ஒலிபெருக்கம் தேவைப்படுபவர்களுக்கும் அதுவே நல்லது. ஆனால் அதைத் தேய்த்துத் திருத்துவது கடினம். குழாயும் பசையால் ஒட்டாது என்பதால் உள்ளே ஒரு பூட்டு வைத்துத்தான் இணைக்க வேண்டும். மென்மையானது என்றால் வசதியானது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். தவறான அளவில் செய்த சிலிக்கான் மோல்டும் அழுத்தத்தான் செய்யும், அதன் சொரசொரப்பான பரப்பு வறண்ட தோலில் இழுத்துக்கொண்டே உள்ளே போகும். வயதானவர்களின் மெல்லிய தோலுக்கு, நன்றாக மெருகேற்றிய அக்ரிலிக்கையே நான் முதலில் பரிந்துரைப்பேன். வைனில் என்ற மற்றொரு மென்மையான பொருளும் உண்டு. அது நாளடைவில் சுருங்கிக் கெட்டியாகி மஞ்சளிக்கும். அணிந்த சில நாட்களில் மோல்டு படும் இடமெல்லாம் அரிப்பும் சிவப்பும் தோன்றினால் அது ஒவ்வாமையாக இருக்கக்கூடும். அப்போது அளவை மாற்றிப் பயனில்லை, பொருளைத்தான் மாற்ற வேண்டும்.

“என் குரலே பானைக்குள் பேசுவது போல் கேட்கிறது” என்ற குறையைப் பலர் மோல்டு பொருந்தவில்லை என்று தவறாக எடுத்துக்கொள்வார்கள். காது அடைபட்டிருக்கும்போது, எலும்பு வழியாக வரும் நம் சொந்தக் குரலின் கீழ்ச் சுருதி ஒலிகள் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடுவதால் இப்படிக் கேட்கிறது. இதற்கு வென்ட் என்ற காற்றுத்துளையே மருந்து. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை, அழுத்தத்தைச் சமன் செய்து புழுக்கத்தைக் குறைக்கும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் துளை குரலின் முழக்கத்தையே குறைக்கும். துளை பெரிதாகப் பெரிதாக ஒலி கசிந்து விசிலடிக்கும் வாய்ப்பும் கூடும் என்பதால், குறைபாடு எவ்வளவு என்பதைப் பார்த்தே அதன் அளவை முடிவு செய்வார்கள்.

மோல்டு தயாராகி மாட்டிப் பார்க்கப் போகும் நாளில் அவசரப்படாதீர்கள். வழக்கமாக அணியும் கண்ணாடி, பல்செட், தோடு, மாட்டல் எல்லாவற்றோடும் செல்லுங்கள்; காதுக்கு மேலே போகும் மாட்டலும் கண்ணாடிக் காம்பும் கருவியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். மோல்டை மாட்டியபின் “ஈ” என்றும் “ஊ” என்றும் நீட்டிச் சொல்லிப் பாருங்கள். முழக்கம் இருந்தால் இந்த இரண்டு ஒலிகளிலும் உடனே தெரிந்துவிடும். மெல்லுவது போல் தாடையை அசையுங்கள், கொட்டாவி விடுங்கள், தலையைத் திருப்புங்கள், விசில் வருகிறதா என்று கவனியுங்கள். குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே அணிந்திருந்துவிட்டுக் கழற்றி, கண்ணாடியில் காதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மாட்டும் முறையையும் அங்கேயே உங்கள் கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள். வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம் என்பதே வழக்கமான அடையாளம். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, குழிக்குள் போகும் முனையை முதலில் நுழைத்து, மெல்லப் பின்புறமாகத் திருப்பி, கடைசியாக மேல் கொக்கியை மடிப்புக்குள் செருக வேண்டும். அந்தக் கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வலியும் வரும், விசிலும் வரும். தோல் வறண்டிருந்தால் நீரில் கரையும் ஜெல்லை மிகச் சிறிதளவு தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

முதல் நாட்களில் ஒன்றிரண்டு மணி நேரம் அணிந்து, பிறகு நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காது அடைத்தாற்போல் இருப்பது சில வாரங்களில் பழகிவிடும். ஒரே இடத்தில் குத்துவதும், கழற்றி வெகுநேரம் ஆன பின்னும் மறையாத சிவப்பும், தோல் உரிவதும் பழகிப் போகக்கூடியவை அல்ல. புண் இருந்தால் ஆறும் வரை அணியக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காதுக் குழிப் புண் கடுமையான தொற்றாக மாறக்கூடும் என்பதால், அவர்கள் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தோல் உரியாமல் அழுத்தம் மட்டும் இருந்தால், திருத்தத்துக்குப் போகும் நாளன்று இரண்டு மணி நேரம் முன்பே மோல்டை மாட்டிக்கொண்டு செல்லுங்கள். அப்போதுதான் சிவந்த இடத்தைப் பார்த்து, அதற்கு நேரான இடத்தை மட்டும் தேய்க்க முடியும். ஒன்றிரண்டு முறை திருத்தியும் சரியாகாவிட்டால் புதிதாக அளவெடுக்கச் சொல்ல வேண்டும். திருத்தத்துக்கும் மறு அளவுக்கும் எத்தனை நாள் வரை கட்டணம் இல்லை என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

குழந்தைகளின் காது வேகமாக வளர்கிறது. கைக்குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறைகூடப் புதிய மோல்டு தேவைப்படும். வளர வளர இந்த இடைவெளி சில மாதங்களாகும், பள்ளி வயதில் ஏறத்தாழ ஓராண்டாகும். குழந்தை தன் வலியைச் சொல்லாது. கருவியைப் பிடுங்கி எறிவதுதான் அதன் மொழி. அப்போது அதட்டுவதற்கு முன் காதைப் பாருங்கள்.

மோல்டு சரியாக இருந்தும் திடீரென்று உறுத்தத் தொடங்கினால் குழாயைக் கவனியுங்கள். மூன்று முதல் ஆறு மாதங்களில் குழாய் மஞ்சளித்து இறுகிச் சுருங்கும். சுருங்கிய குழாய் மோல்டை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அதை மாற்றச் செலவு குறைவு. கருவியிலிருந்து மோல்டைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரிலும் மிதமான சோப்பிலும் கழுவி, குழாய்க்குள் இருக்கும் நீரைக் கை ஊதியால் வெளியேற்றி, இரவு முழுவதும் உலரவிட வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக் கூடாது. எண்ணெய்க் குளியல் நாளில் தலை நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். காதுக்குள் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பெரியவர்களும் உடல் இளைத்தாலோ, பல்செட்டை மாற்றினாலோ காதின் வடிவம் சற்று மாறும். குழாய் புதிதாக இருந்தும், முறையாக மாட்டியும், சாப்பிடும்போது மட்டும் விசில் கேட்கத் தொடங்கினால், அடுத்த அளவெடுப்புக்கு நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.