தோட்டத்துக் குட்டியை டவுன் வீட்டுக்குப் பழக்குவது எப்படி

கோபியிலோ தாராபுரத்திலோ சொந்தக்காரர் தோட்டத்தில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு, அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூர் அபார்ட்மெண்டுக்கு வருகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். வந்த அன்றே அது கால்மிதியில் ஒன்னுக்குப் போய்விடும். மறுநாள் சோபாவுக்கு முன்னால் விரித்த கார்ப்பெட்டில் ஆய். உடனே வீட்டில் யாராவது "இதுக்கு எவ்வளவு திமிரு பாருங்க" என்பார்கள். திமிர் எல்லாம் ஒன்றும் இல்லைங்க, அந்தக் குட்டி தனக்குத் தெரிந்தவரை சரியாகத்தான் செய்கிறது.

பிறந்து மூன்று வாரம் ஆனதுமே குட்டிகள் படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப்போய் ஒன்னுக்குப் போக ஆரம்பிக்கும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாரங்களில் காலுக்கு அடியில் எது இருக்கிறதோ அதுதான் போகிற இடம் என்று மனதில் பதிந்துவிடும், எட்டு ஒன்பது வாரத்துக்குள் இது நன்றாகவே ஊறிவிடுகிறது. தென்னந்தோப்பில் பிறந்த குட்டிக்கு மண், சருகு, நார், அதாவது மெத்தென்று இருந்து ஈரத்தை உடனே இழுத்துக்கொள்ளும் தரை. டைல்ஸ் போட்ட வீட்டுக்குள் அப்படி இருக்கிற பொருள் எது என்று தேடிப் பாருங்கள்: கால்மிதி, கார்ப்பெட், கீழே விழுந்து கிடக்கும் துணி. அதனால் முதல் வேலை, ஒரு மாதத்துக்குக் கால்மிதிகளைச் சுருட்டி எடுத்து வைத்துவிடுவது. இரண்டாவது வேலை, அதற்குத் தெரிந்த மண்ணை அதற்கே கொடுப்பது.

தனி வீடு என்றால் பொடக்காளியில், அதாவது வீட்டுப் பின்புறத்தில், ஒரு மூலை போதும். கோலம் போடும் வாசல் பக்கம் பழக்காதீர்கள், பின்னால் மாற்றுவது சிரமம். அபார்ட்மெண்ட் என்றால் பால்கனியில் ஓரம் தாழ்ந்த அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைத்து, தோட்டத்து மண்ணையும் தேங்காய் நார்க்கழிவையும் கலந்து நாலு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு கட்டியாகவே கிடைக்கும், தண்ணீரில் ஊறவைத்தால் உதிர்ந்துவிடும். அது ஈரத்தையும் வாசத்தையும் நன்றாக இழுக்கும். குட்டி அதைக் கடித்துத் தின்கிற ரகமாக இருந்தால் மட்டும் நார்க்கழிவு வேண்டாம், வயிற்றுக்குள் போய் உப்பிவிடும், வெறும் மண்ணே போதும். ஆயை அவ்வப்போது அள்ளிவிடுங்கள், ஆனால் ஒன்னுக்குப் போன மண்ணில் ஒரு கைப்பிடியை அங்கேயே விட்டு வையுங்கள். அடுத்த முறை அந்த வாசமே அதைக் கூப்பிடும்.

தெருவுக்குக் கூட்டிப்போகலாமே என்று தோன்றும். தடுப்பூசிகள் முடியும்வரை மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியை இறக்கிவிடாதீர்கள். வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வரவைக்கிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அது பிடித்த குட்டி பிழைப்பது பெரும்பாடு. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை, வெறிநோய் ஊசி மூன்றாவது மாதத்தில். வயிற்றுப் பூச்சிக்கான மருந்தையும் விட்டுவிடாதீர்கள், குடலில் புழு இருக்கிற குட்டிக்கு வயிறு கலங்கிக்கொண்டே இருந்தால் எந்தப் பழக்கமும் ஒட்டாது.

இடம் ஆயிற்று, இனி நேரம். பகலில் குட்டி எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம் அடக்கும், அதுவே அதிகபட்சம். விழித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது அதற்கும் முன்னாலேயே வந்துவிடும். ஆகவே கடிகாரத்தைவிட அதன் வேலைகளைக் கவனியுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள், தண்ணீர் குடித்த பிறகு, குதித்து விளையாடி முடித்ததும், நாம் படுக்கப்போகும் முன். இத்தனை முறையும் நீங்களே தூக்கிக்கொண்டு போய் அந்த இடத்தில் விட வேண்டும். நடுவில் திடீரென்று விளையாட்டை நிறுத்தித் தரையை மோந்துகொண்டே வட்டமடித்தால் யோசிக்காமல் தூக்குங்கள்.

அங்கே விட்டதும் பேச்சுக் கொடுக்காதீர்கள், விளையாடாதீர்கள், செல்போனைப் பார்த்துக்கொண்டும் நிற்காதீர்கள். போக ஆரம்பிக்கும்போது மெதுவாக ஒரே வார்த்தை, "ஒன்னுக்குப் போ கண்ணு" என்று வைத்துக்கொள்ளலாம். ஆத்தா ஒரு மாதிரி, அப்பாரு ஒரு மாதிரி, பிள்ளைகள் வேறு மாதிரி சொன்னால் குட்டி குழம்பிவிடும், வீடு முழுக்க ஒரே வார்த்தைதான். முடித்த அந்த நொடியே, அங்கேயே நின்று, வேகவைத்த முட்டையின் வெள்ளையில் துளி கொடுங்கள், கொஞ்சுங்கள். உள்ளே வந்து பிரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, முடித்தவுடன் வீட்டுக்குள் இழுத்து வராதீர்கள், கொஞ்ச நேரம் வெளியே விளையாட விடுங்கள். இல்லாவிட்டால் வெளியில் இருப்பதற்காகவே அடக்கிக்கொண்டு சுற்றும்.

சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுத்தால் ஆயும் நேரத்துக்கு வரும். 4 மாதம் வரை நாளைக்கு 3, 4 வேளை, அப்புறம் 3, ஆறு மாதத்துக்குப் பிறகு 2. தட்டை நாள் முழுக்க நிரப்பி வைக்காதீர்கள். தோட்டத்திலிருந்து வருகிற பசும்பாலை ஊற்றி ஊற்றி வளர்ப்பது நம் பக்கத்துப் பாசம், ஆனால் பல குட்டிகளுக்கு அது செரிக்காமல் பேதியாகும், கழிச்சலோடு இருக்கும் குட்டியால் எப்படி அடக்க முடியும்? தண்ணீரைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்துவிடலாம். பகலில் எடுக்கவே கூடாது, கரூர், ஈரோடு பக்கம் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

இனி இராத்திரி. எழுந்து நின்று திரும்பிப் படுக்கிற அளவு மட்டும் உள்ள கூண்டோ அட்டைப்பெட்டியோ உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். படுக்கிற இடத்தை நாய் அசிங்கம் செய்ய விரும்பாது, முனகும். முனகினால் எழுந்துதான் ஆக வேண்டும். லைட் எல்லாம் போடாமல் கூட்டிப்போய் விட்டு, திரும்பப் படுக்க வையுங்கள். 2 மாதக் குட்டிக்கு இராத்திரி ஒன்றிரண்டு முறை வேண்டியிருக்கும், 4 மாத வாக்கில் பெரும்பாலானவை விடியும்வரை தூங்கும். ஆனால் பகல் முழுக்க அதிலேயே அடைத்துவிட்டு வேலைக்குப் போனால் வேறு வழியில்லாமல் படுக்கையிலேயே போய்ப் பழகிவிடும். சங்கிலியில் கட்டியே வளர்த்தாலும் இதே கதிதான்.

உள்ளே போய்விட்டதா? நீங்கள் பார்க்கும்போதே போகிறது என்றால் கையை ஒருமுறை தட்டுங்கள், நிறுத்தும், தூக்கிக்கொண்டு போய் மீதியை வெளியே முடிக்க விடுங்கள். முன்பே போயிருந்தால் துடைப்பது மட்டும்தான் உங்கள் வேலை. மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது, தினத்தந்தியைச் சுருட்டி அடிப்பது இரண்டையும் தயவுசெய்து விடுங்கள். எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது என்பது மட்டும் புரியும், அப்புறம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து போகும், வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் முன்னால் போகாது.

துடைக்க பனியன் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனியில் மிஞ்சுகிற துண்டுத்துணி மாதிரி வேறொன்று கிடையாது, திருப்பூர்க்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. தேய்க்காமல் அழுத்தி ஈரத்தை எடுங்கள், தண்ணீர் விட்டு மறுபடி எடுங்கள், பிறகு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். நாய் சாமான் விற்கும் கடைகளில் என்சைம் கிளீனர் கிடைத்தால் அது இன்னும் நல்லது, சிறுநீரில் உள்ள பொருளையே சிதைத்துவிடும். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், நாய் மூக்கை ஏமாற்றாது, காலில் பட்டதை நக்கினால் குட்டிக்குக் கெடுதலும்கூட. பிளீச்சிங் பவுடரை வினிகரோடு சேர்க்கவே கூடாது, விஷ வாயு வரும். சிவப்பு சிமெண்ட் தரையும் டைல்ஸ் இடுக்கும் ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், அங்கே இரண்டு மூன்று தடவை துடைக்க வேண்டியிருக்கும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் மாதத்தில் பால்கனித் தட்டைச் சுவரோரம் தள்ளி வையுங்கள், கதவு படபடவென்று அடித்துக்கொண்டால் பயந்துகொண்டு போகாது. ஐப்பசி மழையில் குடையோடு நீங்களும் கூடப் போய் நில்லுங்கள்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்தாலும் வழி இதுதான். அதற்கு அடக்கும் சக்தி உண்டு என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆண் நாய் சுவரோரம் காலைத் தூக்கி நாலு சொட்டு விடுவது எல்லை போடுவது, கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும். விருந்தாளி குனிந்து தொட வந்ததும் உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஒன்னுக்கு விடுகிற நாய் பயத்தில் விடுகிறது, திட்டினால் அதிகமாகும். வருகிறவர்களை அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே வந்து உட்காரச் சொல்லுங்கள், அதுவாக அருகே வரட்டும்.

பெரும்பாலான குட்டிகள் 4 முதல் 6 மாதத்துக்குள் பழகிவிடும், சிலதுக்கு ஒரு வருடம்கூட ஆகும். நன்றாகப் பழகிய நாய் திடீரென்று உள்ளே போக ஆரம்பித்தால், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால், போகும்போது முனகினால், இரத்தம் தெரிந்தால், அது பழக்கக் கோளாறு என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ கல்லோ இருக்கலாம். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு அன்றைக்கே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. முயற்சி செய்தும் சிறுநீர் வரவே இல்லை என்றால் டப்பாவுக்காகவும் காத்திருக்க வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.