கவரிலிருந்து கவருக்கு: இரட்டைப் பதிவில் பணம் மாற்றுவது எப்படி?

சம்பளம் வந்ததும் வாடகைக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு என்று கவர் கவராகப் பிரித்து வைக்கும் வழக்கத்தை அப்படியே கணினிக் கணக்கிலும் செய்யலாம். பிரிப்பது சுலபம். இருபதாம் தேதி மளிகைக் கவர் வற்றிப்போய், பண்டிகைக் கவரில் கை வைக்கும்போதுதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கவர் மாற்றம் செலவு ஆகாது. வங்கியில் ஒரு பைசாகூடக் குறையவில்லை. அதனால் செலவுக் கணக்கைத் தொடவே கூடாது.

இங்கே ஹெச்லெட்ஜர் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். சாதாரண உரைக் கோப்பில் எழுதினால் போதும், கணக்குப் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம்.

படி 1: கவர்களை உருவாக்குதல்

ஒவ்வொரு கவரும் வங்கிக் கணக்கின் கீழ் ஓர் உட்கணக்கு. சம்பளம் முதலில் ‘ஒதுக்காதது’ என்ற கவரில் விழட்டும்.

2025-06-01 சம்பளம்
    சொத்து:வங்கி:ஒதுக்காதது    ₹30000
    வருமானம்:சம்பளம்    ₹-30000

2025-06-01 கவர் நிரப்புதல்
    சொத்து:வங்கி:வாடகை    ₹12000
    சொத்து:வங்கி:மளிகை    ₹8000
    சொத்து:வங்கி:மருத்துவம்    ₹3000
    சொத்து:வங்கி:பண்டிகை    ₹4000
    சொத்து:வங்கி:ஒதுக்காதது    ₹-27000

பணம் எங்கிருந்து போனது, எங்கே வந்தது என்று இரண்டு பக்கத்தையும் எழுதுவதுதான் இரட்டைப் பதிவு. அதனால் ஒவ்வொரு பதிவிலும் கூட்டுத்தொகை சுழியம் ஆக வேண்டும். கணக்குப் பெயருக்கும் தொகைக்கும் நடுவே குறைந்தது இரண்டு இடைவெளி விடுங்கள். தொகையில் காற்புள்ளி வேண்டாம். 1,500 என்று எழுதினால் அதை ஒன்றரை ரூபாய் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளக்கூடும்.

படி 2: செலவு

2025-06-05 வீட்டு வாடகை
    செலவு:வாடகை    ₹12000
    சொத்து:வங்கி:வாடகை

2025-06-14 மளிகைக் கடை
    செலவு:மளிகை    ₹7400
    சொத்து:வங்கி:மளிகை

கடைசி வரியில் தொகையை விட்டுவிட்டால் மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். சரி, இப்போது மளிகைக் கவரில் மிச்சம் 600.

படி 3: மாற்றம்

ஊரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், இன்னும் 1500 வேண்டும்.

2025-06-20 கவர் மாற்றம்: விருந்தாளிகள்
    சொத்து:வங்கி:மளிகை    ₹1500 = ₹2100
    சொத்து:வங்கி:பண்டிகை    ₹-1500 = ₹2500

பள்ளியில் வணிகவியல் படித்தவர்களுக்கு இது பழைய விதிதான்: உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே செல்வதை வரவு வை. மளிகைக் கவருக்குப் பற்று, பண்டிகைக் கவருக்கு வரவு.

சமக்குறிக்குப் பின்னால் இருப்பது, மாற்றத்துக்குப் பிறகு அந்தக் கவரில் இருக்க வேண்டிய தொகை. அது பொருந்தாவிட்டால் மென்பொருள் பிழை காட்டி நின்றுவிடும். கட்டாயமில்லை என்றாலும் தொடக்கத்தில் எல்லோரும் இதை எழுதிப் பழக வேண்டும் என்பேன்.

இந்த இடத்தில் செலவு:மளிகை என்று எழுதிவிட்டால், சாமான் வாங்கும் நாளில் அதே 1500 இரண்டாம் முறை செலவாக ஏறும். மாதக் கடைசியில் மளிகைச் செலவு ஊதித் தெரியும், காரணமும் பிடிபடாது.

மாற்றத்துக்கான காரணத்தை விவரத்தில் எழுதத் தவறாதீர்கள். நாலைந்து மாதம் கழித்து ‘கவர் மாற்றம்’ என்று தேடிப் பார்த்தால், எந்தக் கவர் எப்போதும் கடன் கேட்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் கவருக்கு மாதத் தொடக்கத்திலேயே கூடுதலாக ஒதுக்குங்கள்.

படி 4: பாஸ்புக்கோடு சரிபார்த்தல்

மளிகை 2100, மருத்துவம் 3000, பண்டிகை 2500, ஒதுக்காதது 3000. மொத்தம் 10600. பாஸ்புக்கிலும் இதே தொகைதான் இருக்க வேண்டும். கவர் மாற்றம் அதில் வராது, வரவும் கூடாது.

2025-06-30 சரிபார்ப்பு
    சொத்து:வங்கி    ₹0 =* ₹10600

நட்சத்திரக் குறி இருப்பதால் எல்லா உட்கணக்குகளும் சேர்த்துக் கூட்டப்படும்.

இரண்டு வங்கிக் கணக்கு, கையில் ரொக்கம் என்று பணம் பிரிந்து கிடந்தால் இந்த முறை கொஞ்சம் சிரமம் தரும். அப்போது கவர்களைத் தனியே வைத்து, [கவர்:மளிகை] என்று சதுர அடைப்புக்குறிக்குள் எழுதலாம். அந்த வரிகள் தங்களுக்குள்ளேயே சமனாகும், வங்கிக் கணக்கைத் தொடாது. ஹெச்லெட்ஜரிலும், இதே வகை மென்பொருளான லெட்ஜரிலும் இந்த வசதி உண்டு. இதே வகையைச் சேர்ந்த பீன்கவுண்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இது கிடையாது, அவர்கள் உட்கணக்கு முறையிலேயே போகலாம்.