வீட்டு கார் ஷெட்டில் கம்ப்ரசர் லைன் போடுவது எப்படி

காற்றை அமுக்கித் தரும் கம்ப்ரசரிலிருந்து நீள ஹோஸை இழுத்து இழுத்து வேலை பார்ப்பவர்களுக்கு அந்த அலுப்பு தெரியும். காலில் சிக்கும், கார் ஏறி நசுங்கும், சுருட்டி வைக்கவே தனி நேரம் வேண்டும். சுவரோரமாக பைப் போட்டு, வேண்டிய இடத்தில் கீழே இறக்கிக்கொண்டால் தொல்லை விட்டது. 2 எச்.பி. கம்ப்ரசர், ஒரு கார் நிற்கும் ஷெட், இரண்டு மூன்று இணைப்பு என்ற அளவில் இங்கே சொல்கிறேன்.

முதலில் பைப்

வீட்டில் மிச்சம் கிடக்கும் பி.வி.சி., சி.பி.வி.சி. பைப்பை எடுத்து மாட்டிவிடாதீர்கள். "பத்து கிலோ பிரஷர் தாங்கும்னு பைப்புலயே போட்டிருக்கே" என்பார்கள். அது தண்ணீருக்கான கணக்கு. தண்ணீர் பைப் விரிசல் விட்டால் கொஞ்சம் பீய்ச்சி அடிக்கும், அழுத்தம் உடனே இறங்கிவிடும். அமுக்கி வைத்த காற்று அப்படியில்லை. விரிசல் விட்ட நொடியில் விரிந்து பைப்பைக் கூரிய சில்லுகளாகச் சிதறடிக்கும். வெயில் பட்டு நாளாக ஆக பி.வி.சி. இன்னும் நொறுங்கும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையான ஓஷா 1988-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. "எங்க ஷெட்ல வருஷக்கணக்கா ஓடுது" என்பவர்களிடம் வாதம் செய்து பயனில்லை.

செம்பு நன்றாக இருக்கும். காற்றுக்கென்றே வரும் அலுமினிய பைப் அதைவிட சுலபம். இரண்டுக்கும் காசு அதிகம். வீட்டு வேலைக்கு முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்), நீலப் பட்டை போட்ட பி கிளாஸ், அதாவது நடுத்தர கனம், போதும். 20 அடி நீளத்தில் வரும். அளவு எழுதிக்கொண்டு போனால் பல கடைகளில் வெட்டி மரையும் போட்டுத் தருவார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

காற்று லைனுக்குள் தண்ணீர் சேரும். லைன் போடும் விதம் முழுக்க இதை வைத்துத்தான். சென்னை மாதிரி கடலோர ஊரில் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 7 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்; கேஜ் அதற்கு மேல் உள்ளதைத்தான் காட்டும்) அமுக்கினால் அந்தக் காற்று எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆறி மறுபடி 30 டிகிரிக்கு வரும்போது அதில் 4 கிராம் நீராவிதான் நிற்க முடியும். மீதி 20 கிராமும் தண்ணீர். 2 எச்.பி. கம்ப்ரசர் ஐந்து நிமிடம் போல ஓடினாலே இவ்வளவு சேர்ந்துவிடும். அதில் பாதி டேங்கில் தங்கினாலும், மீதி சூடான காற்றோடு லைனுக்குள் போய் அங்கே ஆறும்.

லைன் போடும் வரிசை

கம்ப்ரசர் அதிரும். அதனால் டேங்க் வாயில் ஒரு பால் வால்வு, அதற்கப்புறம் ஒரு முழம் ரப்பர் ஹோஸ், அப்புறம்தான் பைப். நேரடியாக பைப்பை முறுக்கினால் மரை சீக்கிரம் விட்டுப்போகும்.

மெயின் லைனைத் தலைக்கு மேல் உயரத்தில், கம்ப்ரசரிலிருந்து விலகப் போகப் போகத் தாழ்கிற மாதிரி போடுங்கள். 100-க்கு 1 வாட்டம் வேண்டும், அதாவது 6 மீட்டருக்கு 6 சென்டிமீட்டர். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்து, நூல் அடித்து, ஒன்றரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப். சுவரோடு ஒட்டவைக்காமல் கட்டை கொடுத்துத் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் எல்போவைத் திருக இடமிருக்காது.

மெயின் லைனிலிருந்து கீழே பைப் இறக்கும் இடத்தில்தான், அதாவது இறக்கத்தில்தான், புதியவர்கள் சறுக்குவார்கள். டீயின் (மூன்று வாய் உள்ள T வடிவ இணைப்பு) நடு வாய் கீழே பார்த்தால், லைனில் ஓடும் தண்ணீர் மொத்தமும் உங்கள் ஸ்ப்ரே கன்னுக்குத்தான் போகும். டீயை மேல்நோக்கி வைத்து, நிப்பிள் (இரு முனையிலும் மரை போட்ட குட்டை பைப்), எல்போ (வளைவு), நிப்பிள், எல்போ என்று குடைக் கைப்பிடி போல வளைத்துக் கீழே இறக்குங்கள். இடுப்பு உயரத்தில் இன்னொரு டீ. அதன் பக்கவாட்டில் ஃபில்டர், அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டர், ஹோஸைச் சட்டென மாட்டிக் கழற்றும் குவிக் கப்ளர். நேர் கீழே ஓரடி பைப், அதன் முனையில் பால் வால்வு. தப்பி வரும் தண்ணீர் அங்கே தேங்கும், திறந்துவிட்டால் வெளியேறிவிடும். மெயின் லைனின் கடைசி முனையிலும் இப்படி ஒரு வடிகால் வேண்டும். ஃபில்டரைக் கம்ப்ரசர் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கே காற்று சூடாக இருக்கும். நீராவியை ஃபில்டர் பிடிக்காது. ஜி.ஐ. பைப்பின் உள்ளே உதிரும் துருவையும் அதே ஃபில்டர்தான் பிடிக்கிறது.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு யூனியன் (பைப்பைத் திருப்பாமலே பிரிக்கக்கூடிய இணைப்பு) போடுங்கள். பின்னால் ஒன்றைக் கழற்ற எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்காது.

மரையில் டேப் சுற்றுவது

மரை முனையை உங்கள் பக்கம் பார்க்கப் பிடித்து, டெஃப்லான் டேப்பைக் கடிகாரம் சுற்றும் பக்கமாக இழுத்துச் சுற்றுங்கள். மரையின் பல் டேப்புக்குள் தெரிய வேண்டும். முனையில் முதல் மரையை வெறுமனே விடுங்கள்; டேப் துணுக்கு உள்ளே போனால் ரெகுலேட்டரில் போய் அடைக்கும். மெல்லிய டேப் என்றால் எட்டு பத்து சுற்று. கையால் போகும் வரை திருகி, மீதியை பைப் ரெஞ்ச்சில் இறுக்குங்கள். எல்போ கொஞ்சம் தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பாதீர்கள், அங்கே கசியும். கழற்றிப் புது டேப் சுற்றுங்கள்.

சோதனை

பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முதலில் 2 பார் மட்டும் ஏற்றி எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அப்புறம் முழு அழுத்தம். லைன் முனையில் ஒரு கேஜ் மாட்டி, டேங்க் வால்வை மூடி, இரவு விட்டுவிடுங்கள். மாலை 35 டிகிரி, காலை 25 டிகிரி என்றால் 8 பாரில் 0.3 பார் வரை குளிர்ச்சியாலேயே இறங்கும். அதற்கு மேல் இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரை மறுபடி எடுங்கள்.

எண்ணெய் விடும் லூப்ரிகேட்டரை லைனில் மாட்டச் சொல்வார்கள். பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். லைனில் ஒருமுறை எண்ணெய் ஏறினால் பெயின்ட்டில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். காற்றில் ஓடி நட்டைக் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச்சுக்கு, அதன் காற்று வாயிலேயே இரண்டு சொட்டு விட்டு வேலையைத் தொடங்குங்கள்.