காற்று நன்றாக அடிக்கிற கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறையில் கடற்கரைக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, உடம்பு சொல்வதை அப்படியே நம்புவது. காற்று வீசும்போது வெயில் உறைக்காது. ஆனால் தோலைப் பொசுக்கும் புற ஊதாக் கதிரைக் காற்று தடுப்பதில்லை. ஒருமுறை புத்தகமும் கையுமாக இரண்டு மணி நேரம் குப்புறப் படுத்திருந்தேன். என்ன சுகமான காற்று! இரவில் சட்டை முதுகில் உரசியபோதுதான் விஷயம் தெரிந்தது. முழங்காலின் பின்மடிப்புகூடச் சிவந்து கன்றியிருந்தது. மூன்று நாட்களுக்கு மல்லாந்து படுக்க முடியவில்லை.

குடைக்குக் கீழே இருந்தால் போதும் என்பதும் தப்புக் கணக்கு. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 சதவீதத்தையும், அலை நுரை 25 சதவீதத்தையும் நம் மேலேயே திருப்பி அனுப்புகின்றன. சன்ஸ்கிரீனைக் கிளம்பும் முன்பே பூசிக்கொள்ளுங்கள். கரைக்கு வந்து பூசினால் பறக்கும் மணல் அதன்மேல் அப்பிக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்து ஏறிய பிறகும் மறுபடி பூச வேண்டும். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் தாகமும் தாமதமாகத்தான் தெரியும். அதுவரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள்.

குடையைச் சும்மா குத்திவைத்துவிட்டுப் போவது அடுத்தவர் மண்டையோடு விளையாடுவது. காம்பை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, 60 சென்டிமீட்டராவது மணலுக்குள் இறக்குங்கள். குடையின் தலை காற்று வரும் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் காற்று உள்ளே புகுந்து தூக்கிவிடும். காலையில் அசையாமல் நின்ற குடை பிற்பகலிலும் நிற்கும் என்று சொல்ல முடியாது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடற்காற்று வேகமாகப் பாயும். குளிக்கப் போகும்போது குடையை மடக்கி வைப்பதே நல்லது.

மணல் துகள்கள் பெரும்பாலும் தரையை ஒட்டியே துள்ளிப் போகின்றன. பாய் விரித்துப் படுப்பவருக்குக் கண்ணெல்லாம் மணல். பக்கத்தில் நாற்காலி போட்டிருப்பவருக்குக் கணுக்காலோடு சரி. துண்டை உதறும் முன் காற்று யார் பக்கம் போகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது, காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாள். அன்று கரையோரத் தண்ணீர் குளம்போல அடங்கிக் கிடக்கும். குழந்தைகளை இறக்கிவிடத் தோன்றும். காற்றடைத்த மிதவையில் ஏறினால், திரும்பிப் பார்ப்பதற்குள் ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அத்தகைய மிதவைகளைக் கடலுக்குக் கொண்டுவராதீர்கள். பந்து உருண்டு தண்ணீரில் விழுந்து போனால், பின்னால் நீந்த வேண்டாம். அது நீங்கள் நீந்துவதைவிட வேகமாகப் போகும்.

அலை உடையும் நாளிலும் ஒன்றைக் கவனியுங்கள். இருபுறமும் நுரை தள்ள, நடுவில் மட்டும் அலை உடையாமல் இருக்கும் இடம் குளிக்கத் தோதானதாகத் தெரியும். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வழி பல நேரங்களில் அதுதான். அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்தபின் கரை ஏறுங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி ஆட்டுங்கள்.