அழித்தாலும் திரும்ப எரியும் செக் இன்ஜின் லைட்: பழைய காரில் கோளாறைத் தேடும் முறை

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, அதில் பதிவான கோளாறு எண்ணை, அதாவது ‘கோடை’ (code), அழித்தால் செக் இன்ஜின் லைட் அணைந்துவிடும். இரண்டு நாளில் மறுபடி எரியும். கோடில் பெயர் வந்த பாகத்தை வாங்கி மாற்றிய பிறகும் எரிகிறது என்றால், கோளாறை இன்னும் யாரும் தேடவில்லை என்று அர்த்தம். எந்த அளவீடு வரம்பு மீறியது என்பதை மட்டுமே கோடு சொல்லும். ஏன் மீறியது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். ஆயில் பிரஷர் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ சிவப்பாக எரிந்தால், பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள். செக் இன்ஜின் லைட் மஞ்சளாக நிலையாக எரிந்தால் நிதானமாகத் தேடலாம். அதுவே விட்டு விட்டு மின்னினால் இன்ஜின் கடுமையாக மிஸ் அடிக்கிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டையே உருக்கிவிடும். அப்படியே ஓட்டாதீர்கள்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டுங்கள். கோடுடன் சேர்த்து ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ பக்கத்தையும் எழுதி வையுங்கள். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம், கூலன்ட் சூடு, வேகம், ஃப்யூயல் ட்ரிம் (கலவையைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்) எவ்வளவு என்று அதில் இருக்கும். கோடை அழித்தால் இதுவும் போய்விடும், அதனால் அழிப்பது கடைசி வேலை. பல கோளாறுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டர் லைட்டைப் போடும். அழித்ததும் லைட் போய்விட்டதே என்று நம்ப முடியாததற்கு இதுதான் காரணம்.

எந்தக் கோடாக இருந்தாலும் பேட்டரியில் தொடங்குங்கள். வோல்டேஜ் குறைந்தால் நல்ல சென்சாரும் பொய் சொல்லும். சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும். அடுத்து எர்த். இன்ஜின் ஓட, ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டபடி, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் இன்ஜினை எர்த்துடன் இணைக்கும் பட்டையான எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றி, பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டுங்கள்.

பழைய வண்டிகளில் அடிக்கடி வருவது பி0171: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிப் பணத்தை இழப்பது இங்கேதான்; அந்த சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். இன்ஜின் சூடான பின் ஃப்யூயல் ட்ரிம்மின் ஷார்ட் (உடனடி), லாங் (நீண்டகால) அளவுகள் இரண்டையும் கூட்டுங்கள். ஐடிலில் +20% காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் வேக்குவம் கசிவு, அதாவது வெளிக்காற்று தப்பான வழியில் இன்ஜினுக்குள் நுழைகிறது. வெடித்த ரப்பர் ஹோஸ், பிசிவி குழாயின் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) முழங்கை வளைவு, இன்டேக் கேஸ்கெட் ஆகியவற்றைப் பாருங்கள். ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் அடிப்பக்க வெடிப்பு தெரியும். மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பிரஷர், ஃபில்டர் அல்லது அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார். அந்த சென்சாரை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள், விரலோ துணியோ படக்கூடாது.

பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறி தரும் தனித்தனி இக்னிஷன் காயில் உள்ள இன்ஜினில் 1, 2 காயில்களை இடம் மாற்றிப் போடுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில் போயிருக்கிறது. மாறாவிட்டால் பிளக்கையும், பிறகு இன்ஜெக்டரையும் அதேபோல் மாற்றிப் பார்த்து, கடைசியில் கம்ப்ரஷன் பாருங்கள். பிளக் குழியில் ஆயில் நின்றால் வால்வ் கவர் சீலையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதுக் காயிலும் அதே வழியில் போகும்.

பி0420, அதாவது கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்ற கோடு வந்ததும் விலை உயர்ந்த கன்வெர்ட்டரை வாங்கிவிடாதீர்கள். மிஸ்ஸிங், கலவைக் கோடுகள் இருந்தால் அவற்றை முதலில் தீருங்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடான இன்ஜினை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் பின் சென்சார் (கன்வெர்ட்டருக்குப் பிறகு உள்ள ஆக்சிஜன் சென்சார்) 0.6–0.7 வோல்ட்டில் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். முன் சென்சார்போல 0.1க்கும் 0.9க்கும் இடையே துள்ளினால்தான் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம்.

பி0455 (பெட்ரோல் ஆவி பெரிதாகக் கசிகிறது) என்றால் பெட்ரோல் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தில் தொடங்குங்கள். இன்ஜின் போதிய அளவு சூடாகவில்லை என்னும் பி0128க்குப் பெரும்பாலும் கூலன்ட் அளவு அல்லது திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட்.

லைட் வந்து வந்து போனால் வயரிங்கைச் சந்தேகியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, நேரடி அளவைத் திரையில் பார்த்தபடி அந்த சென்சாரின் வயரை லேசாக ஆட்டுங்கள். அளவு துள்ளினால் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்த பின்களைச் சுத்தம் செய்யுங்கள்.

சரிசெய்த பிறகு கோடை அழித்து, குளிர்ந்த இன்ஜினிலிருந்து தொடங்கி, மெதுவாகவும் சீரான வேகத்திலும் கலந்து சில ஓட்டங்கள் ஓட்டுங்கள். பிறகு ஸ்கேனரின் ‘பென்டிங்’ பக்கத்தைப் பாருங்கள். லைட் எரிவதற்கு முன்பே பழைய கோடு அங்கே எட்டிப் பார்க்கும். கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் ‘ரெடினெஸ்’ சோதனைகள் முடிந்தும் அந்தப் பக்கம் காலியாக இருந்தால்தான் வேலை முடிந்தது.