கம்பைல் ஆயிற்று, மெனுவில் மட்டும் காணோம்!

லினக்ஸில் ஒரு ப்ளக்-இன்னை, அதாவது மென்பொருளுக்குக் கூடுதல் வசதி தரும் சிறு நிரலை, அதன் சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) நீங்களே கம்பைல் செய்கிறீர்கள். டெர்மினலில் ஒரு எரர்கூட வராமல் எல்லாம் முடிந்திருக்கும். மென்பொருளைத் திறந்தால் ப்ளக்-இன் இருக்காது. கம்பைலே ஆகாமல் நிற்பதைவிட இதுதான் அதிகம் படுத்தும். பிடித்துத் தேட ஒரு எரர் வரி கூடக் கிடைக்காதே.

பெரும்பாலும் ஃபைல் போய் உட்கார்ந்த இடம் தப்பாக இருக்கும். கம்பைலுக்கு முன் எல்லாவற்றையும் தயார் செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டிடம் இடம் எதுவும் சொல்லாவிட்டால், அது யூஎஸ்ஆருக்குள் (/usr) இருக்கும் லோக்கல் கோப்புறையை எடுத்துக்கொள்ளும். பேக்கேஜாக வந்த மென்பொருளோ நேராக யூஎஸ்ஆருக்குள் இருக்கும், தன் ப்ளக்-இன்களையும் அங்கேயே தேடும். கம்பைல் ஆனதை உரிய இடத்தில் வைக்கும் மேக் இன்ஸ்டால் (make install) கட்டளையைக் கொடுத்ததும் எந்தெந்த ஃபைலை எங்கே வைக்கிறது என்பது திரையில் ஓடும். அதை யாரும் படிப்பதில்லை, படியுங்கள்.

படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப்பை (GIMP) எடுத்துக்கொள்வோம். ஒரே சி ஃபைலில் அடங்கும் ப்ளக்-இன் என்றால், ஜிம்ப்டூல் என்ற கட்டளையை இன்ஸ்டால் ஆப்ஷனோடு ஓட்டினால் போதும். கம்பைல் செய்து, உங்கள் ஹோம் கோப்புறைக்குள் ஜிம்ப் தேடும் இடத்திலேயே வைத்துவிடும், சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் கட்டளை) வேண்டாம். கையால் காப்பி செய்கிறீர்களா? ஜிம்ப் 3.0-இல் ப்ளக்-இன் ஃபைல் அதே பெயருள்ள தனிக் கோப்புறைக்குள் இருக்க வேண்டும், எக்ஸிக்யூட் அனுமதியும் வேண்டும். 2.10-க்கு எழுதிய சோர்ஸ் 3.0-இல் அப்படியே கம்பைல் ஆகாது. ஃப்ளாட்பேக்காக, அதாவது தனி வேலிக்குள் ஓடும் பேக்கேஜாகப் போட்ட ஜிம்ப்புக்கு யூஎஸ்ஆர் லோக்கல் கண்ணிலேயே படாது.

சரி, கம்பைலே ஆகவில்லை என்றால்? கடைசி வரியில் நிற்கும் 'எரர் 2'-ஐத் தேடிப் பயனில்லை. அது கம்பைலை நடத்தும் மேக் (make) கட்டளை கைவிரிப்பது, அவ்வளவுதான். மேலே போய் முதல் எரரைப் பாருங்கள். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் ஜே (-j) ஆப்ஷனோடு ஓட்டியிருந்தால் வரிகள் கலைந்து கிடக்கும், அது இல்லாமல் மறுபடி ஓட்டுங்கள்.

ப்ளக்-இன்னுக்கு வேண்டிய லைப்ரரி (பொது நிரல் தொகுப்பு) இருந்தும் "இல்லை" என்று கான்ஃபிகர் சொல்கிறதா? கம்பைலுக்கு வேண்டிய ஹெடர் ஃபைல்கள் தனிப் பேக்கேஜில் வரும். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் அதன் பெயர் 'டெவ்' என்று முடியும், ஃபெடோராவில் 'டெவெல்' என்று. போட்டபின் கான்ஃபிகரை மறுபடி ஓட்ட மறக்காதீர்கள்.

அப்புறம், சூடோ. அது இன்ஸ்டாலுக்கு மட்டும். வெறும் மேக்கையும் சூடோவில் ஓட்டினால் கம்பைலில் உருவாகும் ஆப்ஜெக்ட் ஃபைல்களெல்லாம் ரூட் (நிர்வாகி) பெயரில் போய்விடும். அடுத்த முறை சாதாரணமாக ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்'தான்.

இன்ஸ்டால் ஆனதும் சோர்ஸ் கோப்புறையை அழித்துவிடாதீர்கள். போட்டதை நீக்கும் மேக் அன்இன்ஸ்டால் அங்கிருந்துதான் ஓடும். சில மேக்ஃபைல்களில் (மேக்குக்கான குறிப்புகள் உள்ள ஃபைல்களில்) அதுவும் இருக்காது. அப்போது இன்ஸ்டாலின்போது திரையில் ஓடிய வரிகளைச் சேமித்து வைத்திருந்தால், அதைப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்கலாம்.