ஆன்டிகுவாவில் ஸ்பானிஷ்: தமிழ்க் காதோடு போங்கள்

குவாத்தமாலாவின் ஆன்டிகுவாவுக்கு ஸ்பானிஷ் படிக்கப் பலர் போவதற்குக் காரணம், ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாடு. நாளுக்கு நான்கு மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்பது வழக்கம்.

1. மாதத்தைத் தீர்மானியுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் தெருவெங்கும் வண்ண மரத்தூளில் கோலக் கம்பளம் விரிப்பார்கள். அழகுதான், ஆனால் அறை கிடைப்பது கடினம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். பெரும்பாலும் பிற்பகலில் பெய்யும் என்பதால் காலை வகுப்பே நல்லது.

2. ஒரு வாரத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஆசிரியரோடு ஒத்துப்போகவில்லையா, கூச்சப்படாமல் மாற்றித் தரக் கேளுங்கள்.

3. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குங்கள். சாப்பாட்டு மேசைதான் இரண்டாவது வகுப்பறை. சைவமா? 'கார்னே' (இறைச்சி) வேண்டாம் என்றால் மட்டும் போதாது, கோழி வந்துவிடும். "நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ" என்று கோழியையும் மீனையும் சேர்த்தே சொல்லுங்கள்.

4. முதல் வகுப்புக்கு முன் ஆங்கிலத்தை ஒதுக்கிவையுங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். 'நீ' என்பதற்கான சொல் 'டூ' இல்லை, 'து', நம் தகரமேதான். 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். கரை, கறை என்று பிரித்துச் சொல்பவருக்கு இது எளிது. 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்'. வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்' தேவையில்லை. "மே குஸ்தா எல் கஃபே" என்பது நம் "எனக்குக் காபி பிடிக்கும்" போலவே அமைந்த வாக்கியம்! ஆங்கிலம் வழியாகப் போனால் இது தலைகீழாகத் தெரியும். வீட்டம்மாவிடம் 'உஸ்தெத்' சொல்லுங்கள், அது நம் 'நீங்கள்'. நண்பர்களுக்குள் 'நீ' என்பதற்கு 'வோஸ்' என்பதும் காதில் விழும்.

5. மாலையில் நடங்கள். 1773 நிலநடுக்கத்தில் இடிந்த தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. அந்த அழிவால்தான் 1776இல் தலைநகர் இங்கிருந்து இடம் மாறியது. சாந்தா கதலினா வளைவு, மத்தியப் பூங்கா, தொலைவில் புகையும் ஃபுவேகோ எரிமலை என்று கண்ணில் பட்டதைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதுங்கள். அகராதி பார்க்க வேண்டாம். பிழையோடு அப்படியே மறுநாள் ஆசிரியரிடம் நீட்டுங்கள்; அன்றைய பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.